கீழே உட்காருகிறவள்

1. முக்காலி

மடியில் ஏழு மாதக் குழந்தை. தலைக்கு மேலே இருபது பெண்கள் மரக்கட்டையால் மாடியை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாடிக்கு நேர் கீழே, அறையின் நடுவில், ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வெளியே போகக் கூடாது. எங்கள் குடும்பத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான்.

கட்டட வேலை செய்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்களுக்கு உதவலாம் என்று எண்ணி இதை எழுதுகிறேன். நான் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை. அதையும் சேர்த்தே படியுங்கள்.

இஞ்சினீயர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பதை எங்கள் வீட்டில் மாடி போடுவது என்பார்கள். சுவருக்குச் சுவர் மர விட்டங்களை வரிசையாக ஏற்றி, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். கீழே முட்டுக் கொடுப்பதில்லை. கல் இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மூன்று நாள் அடிக்க வேண்டும். அடித்த கட்டை தானாகத் துள்ளி எழும்பினால் மாடி இறுகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் காயவிட்டால் அந்த இடம் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

அடிக்கிற மூன்று நாளும் மேஸ்திரி வீட்டு ஆள் ஒருவர் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் மாமனாருடைய அப்பா காலத்தில் வேறு யாரோ போட்ட மாடி ஒன்று விழுந்து இரண்டு பெண்கள் போய்விட்டார்களாம். அதன் பிறகு அடிக்கிற பெண்கள் கேட்டு வாங்கிய உரிமை இது. கீழே இருப்பவர் எழுந்து வெளியே வந்தால், மேலே இருப்பவர்கள் காரணம் கேட்காமல் இறங்கிவிடுவார்கள். சாப்பாட்டு வேளையில் மட்டும் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

மாமனார் துளசிங்க மேஸ்திரி முப்பது வருஷம் அப்படி உட்கார்ந்தவர். ஒரு தடவைகூட எழுந்ததில்லை என்பது எங்கள் வீட்டுப் பெருமை. அந்த வருஷம் அவரால் உட்கார முடியவில்லை. அதனால் நான் உட்கார்ந்தேன்.

2. காவி டப்பா

என் பிறந்த வீடு பூந்தமல்லி. எட்டாவது வரை படித்தேன். எழுத்து அழகாக இருக்கும் என்று டீச்சரம்மா சொல்வார்கள். நசரத்பேட்டையில் மேஸ்திரி வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு, ஓவர்சியர் அனுப்பும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் சாமான்களுக்குச் சீட்டு எழுதுவதும் என் பொறுப்பாயிற்று.

யுத்தத்தால் பர்மா தேக்கு வருவது நின்றுபோன சமயம் அது. அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைப் பக்கம், ஊரார் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்ட எங்களிடம் வேலை கொடுத்திருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. விட்டத்துக்கு மரம் இல்லை. மாமனார் அலைந்து திரிந்து, பூந்தமல்லியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து பதினான்கு தேக்கு விட்டங்களை வாங்கிக்கொண்டுவந்து வாசலில் அடுக்கினார்.

"அம்மாடி, இதுங்களுக்கு நெம்பர் போட்டு ஒரு சீட்டு எய்தி வை. மத்தத நாளிக்கி நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எழுத எதுவும் கிடைக்காமல், கொட்டகையில் இருந்த அவருடைய காவி டப்பாவை எடுத்தேன். மரங்கள் கிடந்தபடியே, எந்தப் பக்கம் மேலே தெரிந்ததோ அதில் ஒன்று முதல் பதினான்கு வரை அழகாக எழுதினேன். மாமனார் பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் பார்க்கவில்லை. மறுநாள் காலை கிணற்றடியில் பல் துலக்கும்போது சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறிப்போயிற்று.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பழைய விட்டம் வருஷக்கணக்காகப் பாரம் தாங்கிக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தொய்ந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அதைப் புரட்டி, தொய்ந்த பக்கம் மேலே வரும்படி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்று மாமனார் ஒவ்வொரு மரத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அந்தப் பக்கத்தில் காவியால் ஒரு கோடு போடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். எங்களிடம் வேலை செய்த ஆசாரிகளுக்குக் காவி என்றால் அதுதான். காவி பட்ட பக்கத்தை மேலே வைப்பார்கள். யாரையும் கேட்க மாட்டார்கள்.

மாமனார் படுத்த பிறகு, என் எண்களை அவர் போட்ட காவி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்ள, அந்தப் பதினான்கு மரங்களும் என் எண்கள் மேலே இருக்கும்படி சுவர் ஏறின.

3. புரண்ட கை

மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். இளையவன் தணிகாசலம். இருவருமே அப்பா இல்லாமல் தனியாக ஒரு மாடி போட்டதில்லை.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கிடங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாம் இரும்பும் தகரமும். தணிகாசலத்துக்கு அங்கே போக ஆசை. எப்படியோ இரண்டு தண்டவாளங்களைத் தேடிப் பிடித்து, ஆவடிக்குக் கொண்டுபோகும் வழியில் எங்கள் அயனம்பாக்கத்து வேலையிடத்தில் இறக்கிவைத்திருந்தான். இரும்பு கிடைக்காத காலத்தில் அதுதான் அவனுக்குக் கைமுதல்.

"அண்ணாத்தே, சுண்ணாம்ப ஊற வச்சி, கல்ல ஊற வச்சி, பொம்பளைங்கள வச்சி தட்டிக்கினு... இதெல்லாம் எந்தக் காலம்? அங்க ஒரு வாரத்துல ஒரு ஷெட்டு நிக்கிது" என்பான்.

"தகரத்துக்குக் கீய பசங்க உக்காந்து படிச்சா வெந்துபூடும்டா. மொதல்ல கைல கீறத முடி" என்பார் என் வீட்டுக்காரர்.

வார்த்தை வளர்ந்து ஒருநாள் தணிகாசலம் சொல்லிவிட்டான். "நைனா படுத்துட்டாரு. ஆனது ஆச்சி. இந்த மாடி நின்னா நான் ஒன்கூட நிக்கிறேன். ஊத்திக்கிச்சின்னா ஆளுக்கு ஒரு பக்கம். அப்பால என்ன மேஸ்திரி ஊடுன்னு கூப்பிடாத."

ஐப்பசி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. மழை இறங்குவதற்குள் அடித்து முடிக்காவிட்டால் சுண்ணாம்பு கரைந்து எல்லாம் வீண். மூன்று தலைமுறை நடந்த தொழில் அந்த ஒரு மாடியில் வந்து நின்றது.

விட்டம் ஏற்றிய செய்தியை மாமனாரிடம் சொன்ன நாள் எனக்கு மறக்காது. "நைனா, ஒன் காவி பாத்து எல்லாத்தயும் ஏத்திட்டோம்" என்றார் இவர். மாமனார் கண் பெரிதாயிற்று. இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தார், மல்லாத்தினார், மறுபடி கவிழ்த்தார். வாயில் சத்தம் மட்டும் வந்தது.

"பொரட்டிப் படுக்க வைக்கச் சொல்றாரு" என்றான் தணிகாசலம். புரட்டிப் படுக்க வைத்தோம். அவர் கையை நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தேன். விசிறினேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கக் கண்ணிலும் நீர் வழிந்தது. நோயினால் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

கீழே யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. அண்ணனும் தம்பியும் மேலே நின்றால்தான் வேலை நடக்கும். மாமியார் காலமாகி வெகு நாளாயிற்று. அடிக்கிற பெண்களுக்குத் தலைவி கன்னியம்மா, கோவில்பதாகை ஊர்க்காரி. அவள் பட்டென்று சொன்னாள்:

"மேஸ்திரி மருமவ கீறாளே. படிச்ச பொண்ணு வேற. விட்டத்துல இன்னா எய்திகீதுன்னு படிச்சிக்கினே உக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு எப்படி உட்காருவது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் மாடியின்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். அது முதல் தப்பா, காவி டப்பாவை எடுத்தது முதல் தப்பா, தெரியவில்லை.

4. கொக்கி

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாமனாரை வீட்டில் தனியே விட முடியாமல் மாட்டுவண்டியில் அழைத்துவந்து, வெளியே பூவரச மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். மேலே அடி விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னாடி பூ வைக்கிற மாறி தட்டுற? மாமியா முதுகுன்னு நெனச்சிக்கினு அடி!" என்று கன்னியம்மா கத்துவது கேட்கும். அடுத்த நிமிஷம் மாடியே அதிரும். குழந்தை முதலில் வீறிட்டாள். பிறகு அந்தத் தாளத்திலேயே தூங்கிப்போனாள்.

இரண்டாம் நாள் காலை, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். ஒன்பதாம் விட்டத்தின் அடியில், நடுவில், ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. பழைய வீட்டில் விளக்கு மாட்டிய கொக்கி. நேற்றும் பார்த்திருந்தேன். "பள்ளிக்கூடத்துல வெளக்கு மாட்ட மேஸ்திரி உட்டுவச்சிகீறாரு" என்று ஆசாரி சொல்லியிருந்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

இன்று வேறு விதமாகத் தோன்றிற்று. விளக்கு கீழே தொங்கும். ஆகவே பழைய வீட்டிலும் இந்தப் பக்கம்தான் கீழே இருந்திருக்கிறது. இங்கேயும் கீழே இருக்கிறது. அப்படியானால் இந்த மரம் புரளவே இல்லை.

மற்ற விட்டங்களைப் பார்த்தேன். சிலவற்றின் அடிப்பக்கம் வெறும் மரம். ஒன்பதாவதையும் சேர்த்து ஐந்து விட்டங்களின் அடியில் மட்டும் பழைய வெள்ளையடித்த தடம். ஐந்தும் பழைய வீட்டில் இருந்தபடியே இருக்கின்றன.

மாமனாரின் கை நினைவுக்கு வந்தது. கவிழ்த்து, மல்லாத்தி, கவிழ்த்து. அவர் தன்னைப் புரட்டச் சொல்லவில்லை.

காவி டப்பாவை யார் எடுத்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. எட்டாவது படித்த எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? கொஞ்சம் தொய்ந்தால் மாடி விழுந்துவிடுமா? நான் எழுந்தால் இருபது பேரும் இறங்குவார்கள். வேலை நின்றுபோகும். மழை வரும். அண்ணனும் தம்பியும் பிரிவார்கள். வீட்டுக்கு வந்த மருமகள் தொழிலைக் கெடுத்தாள் என்று ஆகும். வாய்விட்டுக் கூப்பிட்டாலும் அதே கதைதான். கீழே இருப்பவள் கூச்சல் போட்டால் மேலே யார் இருப்பார்கள்?

ஜன்னல் குழியில் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற இவருடைய தூக்குக்குண்டு நூலோடு கிடந்தது. நூலின் முனையில் சுருக்குப் போட்டு, ஒரு மூங்கில் கழியால் தூக்கி அந்தக் கொக்கியில் மாட்டினேன். குண்டின் கூருக்கு நேர் கீழே தரையில் ஒரு செங்கல்லை வைத்தேன். என் விட்டச் சீட்டு இடுப்பில் இருந்தது. அதை எட்டாக மடித்து, கூருக்கும் கல்லுக்கும் நடுவில் விட்டேன். தாராளமாக நுழைந்தது.

அடி விழுந்தது. குழந்தை தூங்கினாள். சற்றுப் பொறுத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். உரசிக்கொண்டு நுழைந்தது. நூல் புதுசு, இழுபட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இன்னும் சற்றுப் பொறுத்து, எட்டு மடிப்பு நுழையவில்லை. நாலாக மடித்து விட்டேன். நுழைந்தது. பிறகு நாலும் நுழையவில்லை.

நூல்தான் நீளுகிறதா, மரம்தான் இறங்குகிறதா? மேலே கன்னியம்மா பாட்டெடுத்தாள். எல்லோரும் சேர்ந்து அடித்தார்கள். கொக்கிக்குப் பக்கத்தில் வெள்ளைத் தடம் வெடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு பெயர்ந்து, குழந்தையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து நொறுங்கிற்று.

அண்ணாந்தேன். பூச்சு விழுந்த இடத்தில் மரம் இல்லை. பழைய வீட்டில் எதையோ பொருத்துவதற்காக இரண்டு விரல் ஆழத்துக்கு வெட்டி, பிறகு அடைத்து, வெள்ளை அடித்திருக்கிறார்கள். வெட்டுப் பட்ட இடம் விட்டத்தின் நடுவில், அடியில், பாரத்தில் மரம் பிளக்கக்கூடிய இடத்திலேயே.

நான் எழுந்தேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வழியே வெயிலுக்கு வந்தேன்.

5. இறங்கியவர்கள்

மேலே சாரத்தருகில் நின்ற கன்னியம்மாதான் முதலில் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது.

"எம்மா எய்ந்துட்டா! கட்டைய போட்டுட்டு எறங்குங்கடி! ஓடாதீங்க, ஒத்தொத்தியா எறங்குங்க!"

இருபது பேரும் சாரத்தில் இறங்கினார்கள். கடைசியாகக் கன்னியம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இவரும் தணிகாசலமும் குதித்து ஓடிவந்தார்கள்.

"இன்னாமே பண்ணிக்கினு கீற? கொயந்தைக்கி இன்னா ஆச்சி?" என்றார் இவர். முகம் கறுத்திருந்தது.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. விட்டம்..." என்று தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காவி டப்பா, எண்கள், கொக்கி, குண்டு, வெட்டு. "காவி போட்டது மாமா இல்லீங்க. நான்."

இவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மரத்தடியில் மாமனாரின் கை புரண்டுகொண்டிருந்தது. இவர் அவரிடம் போய், தன் கையையும் அதேபோலப் புரட்டி, "இதத்தான் சொன்னியா நைனா? நாங்கதான் புரிஞ்சிக்கல" என்றார். மாமனாரின் கை நின்றது.

தணிகாசலம் என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அவன் வானத்தைப் பார்த்தான். தெற்கே கறுத்திருந்தது. பிறகு சுவரோரம் கிடந்த தன் தண்டவாளங்களைப் பார்த்தான்.

"அண்ணாத்தே, எய்ந்திரு. விட்டத்துக்குக் குறுக்கால அடில ரெயிலு குடுத்தா நிக்குமா, நிக்காதா?"

"அது ஒன் ஆவடி வேலைக்குடா. போனா இன்னொண்ணு கெடைக்காது."

"கெடைக்காதுதான். நிக்குமான்னு கேட்டேன்."

"நிக்கும்."

"அப்ப புடி. அண்ணி, நீ அப்பால அயுவு. கன்னிம்மா, கோணிய நனச்சி மாடி மேல போடணும், காயக் கூடாது."

"ஏறமாட்டோம்" என்றாள் கன்னியம்மா. "ரெயிலு உக்கார்றவரிக்கும் ஒரு கால் அதுமேல படாது."

ஆகவே அண்ணனும் தம்பியும் தாங்களே சாரத்தில் நின்று, ஓரத்திலிருந்து எட்டிய மட்டும் நனைந்த கோணியை விரித்தார்கள். பிறகு ஆசாரிகளும் மற்ற ஆட்களுமாக ஏழு பேர் தண்டவாளத்தை உள்ளே தூக்கிப் போனார்கள். ஐந்து விட்டங்களுக்கும் குறுக்கே அடியில் கொடுத்து, பனை முட்டுகளில் நிறுத்தி, ஆப்பு வைத்து அடித்தார்கள். ஒவ்வோர் ஆப்பு இறங்கும்போதும் மேலே ஏதோ முனகிற்று. வாசலில் நின்று நான் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆப்பு இறங்கியபோது, கொக்கியில் தொங்கிய குண்டின் கூர் செங்கல்லை விட்டு மேலே எழும்பியது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தென்பக்கம் இடி கேட்டது.

"இப்ப ஏறுங்க" என்றார் இவர் கன்னியம்மாவிடம்.

அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள். "எய்ந்தவ உக்காரணும். அப்பதான் ஏறுவோம்."

"நான் உக்கார்றேன்" என்றான் தணிகாசலம்.

"நீ ஒன் ரெயிலு மேல நம்பிக்க வச்சிக்கினு உக்காருவ. ஒன்ன யாரு கேட்டது? பயந்தவ ஒக்காந்தாதான் எங்களுக்கு நம்பிக்க." பிறகு குரலை இறக்கினாள். "கொயந்தய உட்டுட்டு வாம்மா. நேத்தே சொல்லியிருக்கணும் நானு. நீ தெகிரியமா தூக்கிக்கினு போனியேன்னு சும்மா இருந்துட்டேன்."

தைரியம் இல்லை, சொல்லக் கூச்சம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

குழந்தையை மாமனாரின் இடது பக்கம், அவர் கைக்குள் படுக்க வைத்தேன். உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மேலே இருபது கட்டைகளும் ஒன்றாக விழுந்தன. வெளியே குழந்தை அழுதாள். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. குண்டின் கூருக்கும் கல்லுக்கும் நடுவே எட்டு மடிப்புச் சீட்டை விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிவரை நுழைந்தது.

மறுநாள் மாலை கன்னியம்மா மேலிருந்து, "எம்மா, கட்ட துள்ளுதும்மா!" என்று கூப்பிட்டாள். மாடிமேல் தட்டை ஓடு பதித்து முடித்த அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

6. பிறகு

பனை முட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் தூண்கள் கட்டினோம். பள்ளிக்கூடத்தின் நடுவே தூண் எதற்கு என்று ஊரார் கேட்டபோது, என் வீட்டுக்காரர் மறைக்காமல் காரணத்தைச் சொன்னார். முகம் சுளித்தார்கள், ஆனால் அடுத்த வேலையையும் எங்களுக்கே கொடுத்தார்கள். தணிகாசலம் ஒரு வருஷம் பொறுத்து ஆவடிக்குப் போனான். மேஸ்திரி வீடு என்ற பெயரிலேயே போனான். இன்று அவன் தகரம் போடுகிறான், இவர் மாடி போடுகிறார். ஒரு பக்கம் வேலை இல்லாதபோது மறுபக்கம் சோறு போடுகிறது. மாமனார் இப்போது இடது கையால் காவிக் கோடு போடுகிறார். கோடு கோணலாக விழுகிறது. ஆசாரிகளுக்கு அது போதும். நான் எண் போடுவது கரியால்தான்.

நான் எழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் தொய்ந்து நின்றிருக்கும் என்கிறார் இவர். இருபது பேரோடு கீழே வந்திருக்கும் என்கிறான் தணிகாசலம். எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் அயனம்பாக்கம் வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டி, பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அதைவிட என்னை அரிக்கிற கேள்வி வேறு. பூச்சு விழுந்தது என் குழந்தையின் காலருகில். அவள் மடியில் இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால் எழுந்திருப்பேனா? நூல் நீண்டிருக்கும் என்றே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் கீழே உட்காரப் போகிறவளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த வீட்டுக் காவியைத் தொடுமுன் அது எதற்கு என்று கேளுங்கள். குழந்தையை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும், மேலே ஏறியிருக்கிற இருபது பேரும் உங்கள் மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.